டெல்பர்ட் கொண்டுவந்த துப்பாக்கி

வாபகொனெட்டா, ஒஹாயோ
மார்ச் 4, 1988

அன்புள்ள கிளேட்டன்,

நான் நலம். நீயும் டல்சாவில் நலமாகத்தான் இருப்பாய். உன் துப்பாக்கிகள் உன்னைவிட நலமாக இருக்கும். அவற்றுக்குத்தான் வாரந்தோறும் எண்ணெய்க் குளியல் நடக்கிறதே.

ஜனவரியில் அண்ணன் டெல்பர்ட்டை அடக்கம் செய்த அன்று நீ வந்ததற்கு நன்றி சொல்லி எழுதவே இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தாய். கல்லறையில் என் பக்கத்தில் நின்றாய், என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாய். அப்புறம் லைமாவில் யாரோ ஒருவரிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நான் போட்டுவைத்த காபியைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாய். நன்றியும் குறையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. என்ன செய்வது, உன்னை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டெல்பர்ட் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு மனுஷன் இத்தனை காபி டப்பாக்களை எதற்குச் சேர்த்தான் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். நேற்று நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பின்னால், ராணுவக் கம்பளியில் சுற்றி, ஒரு துப்பாக்கி கிடைத்தது. உலகப் போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து அவன் கொண்டுவந்தது. நீ எத்தனை கிறிஸ்துமஸுக்கு அவனைக் குடைந்திருப்பாய், "என்னடா கொண்டுவந்தே, காட்டேன்டா" என்று! "ஒண்ணுமில்ல, ஒரு ஜலதோஷம்தான் கொண்டுவந்தேன்" என்பான். காட்டினால் நீ விட மாட்டாய் என்று அவனுக்குத் தெரியும்.

உனக்குப் பிடித்த மாதிரி வர்ணிக்கிறேன், கேட்டுக்கொள். நிறுத்தி வைத்தால் என் மார்பளவு வருகிறது. மரக்கட்டையில் கன்னம் வைக்க மேடு செதுக்கியிருக்கிறார்கள், பிடியில் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கிறார்கள். மான் வேட்டைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் வார் மாட்டும் இடம் பக்கவாட்டில் இருக்கிறது, உன்னுடைய பட்டாளத்துத் துப்பாக்கிகளில் இருப்பது போல. கத்தி செருகுவதற்கு முனையில் ஒன்றும் இல்லை. குழலில் ஏதோ கம்பெனியின் அலங்கார முத்திரை. பாகங்களில் பெரிதாகக் குத்திய வரிசை எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நிபுணரே, இது என்ன ஜாதி?

மை மறுபக்கம் ஊறுகிறது. இன்னொரு தாள் எடுத்துக்கொள்கிறேன்.

(2)

டெல்பர்ட் இதைப் பற்றி ஒரே ஒரு முறை என்னிடம் பேசியிருக்கிறான். அம்மாவை அடக்கம் செய்த அன்று மதியம், மூன்று பீர் உள்ளே போன பிறகு. "ஸூல்ங்கிற ஊர்ல ஒரு துப்பாக்கிப் பட்டறைக்குள்ள போனோம், வெர்னா. மெஷினெல்லாம் சும்மா கெடக்கு. பெஞ்சு மேல பாதி பாதியா துப்பாக்கிங்க. பட்டாளத்துக்குச் சாமான் தீந்துபோச்சு போல. வேட்டைத் துப்பாக்கிக்குன்னு சண்டைக்கு முந்தி செஞ்சு வெச்ச கட்டை, கொழல், எல்லாத்தையும் பெட்டியிலேர்ந்து அள்ளிப் போட்டு முடுக்கிட்டு இருந்திருக்காங்க. ஒண்ணே ஒண்ணு முடிஞ்சு செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. செஞ்ச பெரியவர் பக்கத்துலயே நின்னாரு. நான் அதை எடுத்தேன். 'தொலையட்டும், கொண்டு போ'ன்னு கையை ஆட்டினாரு. என்கிட்ட இருந்த சாக்லெட்டை அவர் கையில வெச்சேன். அவர் அழுதாரு. எதுக்கு அழுதாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல." இவ்வளவுதான் சொன்னான். பிறகு நான் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழலின் அடியிலும் கட்டையிலும் குட்டியாக ஒரு கழுகும் அதன் கீழே ஒரு எண்ணும் குத்தியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே எண்.

சரி, இனி நம் விஷயம். வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்று நவம்பரில் கேட்டிருந்தாய். மூன்று மாதமாக நான் பதில் எழுதவில்லை. வேண்டாம் என்பதால் அல்ல, வேண்டும் என்று எழுத வெட்கமாக இருந்தது. தினமும் வந்து போய்க்கொண்டிருந்த அண்ணனும் போன பிறகு வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது, எனக்கு அமைதி அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. வா, கிளேட்டன். ஈஸ்டர் அன்றைக்கு வந்துவிடு. பன்றித்தொடை ஹாம் சுட்டு வைக்கிறேன். பெட்டி ஒன்று, துப்பாக்கி நான்கு. அதற்கு மேல் ஒன்றுகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
வெர்னா


டல்சா, ஓக்லஹோமா
மார்ச் 14, 1988

என் அன்பு வெர்னா,

உன் கடிதத்தைக் கண்டதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! ஜாப்ளின் துப்பாக்கிச் சந்தைக்குக் கிளம்பிய நேரத்தில் தபால்காரர் கொடுத்தார். அங்கே போய் மேசை போட்டு, சாமான்களை அடுக்கிவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து படித்தேன். பக்கத்து மேசைக்காரன் உப்புக்கண்டம் விற்கிறவன். "யாரு, காதலியா?" என்றான். "ஆமாம், கட்டிக்கிட்ட காதலி" என்றேன்.

காபி குடிக்காமல் ஓடியது தப்புதான். லைமாவில் இருந்ததும் வெறும் குப்பை, அந்த வகையில் தண்டனையும் கிடைத்துவிட்டது.

உன் துப்பாக்கிக்கு வருகிறேன். வெர்னா, நீ அழகாக வர்ணிக்கிறாய். ஆனால் நான் இந்த மாதிரி நூறு பார்த்திருக்கிறேன். சண்டை முடிந்து ஊருக்கு வந்த பையன்கள் எல்லாருமே இதைத்தான் செய்தார்கள். அருமையான பட்டாளத்துத் துப்பாக்கியை மான் வேட்டைக்கு ஆகட்டும் என்று கட்டையை மாற்றி, குழலை மாற்றி, மூளியாக்கி வைத்தார்கள். கன்னமேடு, கட்டக் கீறல், ஒத்துப்போகாத எண்கள், எல்லாம் அதன் அடையாளம். முதல் நாலு வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. டெல்பர்ட்டும் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறான், அதனால்தான் வெட்கப்பட்டு என்னிடம் காட்டவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் முப்பது வருஷமாகத் தேடுவதும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். சண்டையின் கடைசி மாதங்களில் கம்பெனிகளே வேட்டைப் பாகங்களைப் போட்டு பட்டாளத்துக்குக் கட்டிக்கொடுத்தவை. அதைப் போல ஒன்றை என் கையில் பிடித்துப் பார்க்காமல் நான் சாகப் போவதில்லை. ஆனால் அதற்கு ராணுவம் ஏற்றுக்கொண்ட கழுகு முத்திரை இருக்க வேண்டும், பட்டறையிலிருந்தே வந்தது என்பதற்குச் சாட்சி இருக்க வேண்டும். அப்படி ஒன்று ஒஹாயோவில் உலைக்குப் பின்னால் கிடக்காது, கண்ணே.

ஆகவே அதை யாராவது கேட்டால் கொடுத்துவிடு. யாரும் கேட்காவிட்டால் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடு.

நவம்பரில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். நீ இன்னும் பதில் சொல்லவில்லை. நான் நச்சரிக்கவில்லை, நீ நிதானமாக யோசி. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என்றும் உன்,
கிளேட்டன்


வாபகொனெட்டா
மார்ச் 18, 1988

கிளேட்டன்,

பதில் சொல்லவில்லையா? அடேயப்பா!

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் ஒன்றும் புரியவில்லை. நான் வெட்கத்தை விட்டு எழுதியதற்கு ஒரு வார்த்தை இல்லையே, மனசு மாறிவிட்டானோ என்று பயந்து போனேன். இரண்டாம் தரம் படித்த பிறகுதான் புரிந்தது. நீ ஒரு தாளைத்தான் படித்திருக்கிறாய். அதாவது துப்பாக்கி இருந்த தாளை.

நான் எழுதியது இரண்டு தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடு. நான் திரும்ப எழுதப் போவதில்லை. கூடி இருந்த முப்பது வருஷமும் உன்னிடம் ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொல்லியே என் தொண்டை வறண்டது. "துப்பாக்கியா நானா"ன்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? தையல் அறை நிறைந்து, துணி அலமாரி நிறைந்து, குளிக்கும் தொட்டியில் எட்டு துப்பாக்கி கிடந்த அன்று. "யோசிக்கிறேன்"னு சொன்னாய். அதையும் மூன்று தரம் கேட்ட பிறகுதான் சொன்னாய்.

உன் புத்திமதியை அப்படியே கேட்டு நடந்துவிட்டேன் என்று தெரிவித்துக்கொள்கிறேன். வரும் 26ஆம் தேதி சனிக்கிழமை மதியம் தீயணைப்புப் படையின் மீன் வறுவல் விருந்து. அங்கே நடக்கும் சீட்டுக் குலுக்கலுக்குப் பரிசு கேட்டு வந்தார்கள். முதல் பரிசாக அந்த மூளியைக் கொடுத்துவிட்டேன். "நெஜமாத்தான் குடுக்கிறீங்களா, வெர்னா?" என்று தலைவர் கேட்டார். "நிபுணர் சொல்லிட்டாரு, அது குப்பை" என்றேன். சும்மா கொடுக்க மனசு வராமல், எலுமிச்சை வாசனை வரும் மேசை பாலிஷ் போட்டுத் துடைத்திருக்கிறேன். பளபளவென்று இருக்கிறது.

முழங்கால் வலிக்கிறது. கேட்டதற்கு நன்றி.

வெர்னா


டல்சா
மார்ச் 22, 1988

வெர்னா, வெர்னா, என் கண்ணே,

நான் ஒரு மடையன். இந்தக் கடிதத்தை அவசரமாகக் கிறுக்குகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

கண்டுபிடித்துவிட்டேன். ஜாப்ளினில் உன் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு படித்தேனா, அந்த நேரம் பார்த்து ஒருவன் ஒரு மூட்டை துப்பாக்கி கொண்டுவந்து பிரித்தான். துப்பாக்கி சேர்க்கும் எங்கள் ஆட்களுக்குத் துப்பாக்கி எண் கண்ணில் பட்டால் கை பரபரக்கும், உடனே குறித்தாக வேண்டும். கையில் அகப்பட்ட வெற்றுத்தாளில் பதினாலு எண்களைக் குறித்தேன். வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் குத்தி வைத்தேன், எண்கள் வெளியே தெரியும்படி. பத்து நாளாக உன் இரண்டாம் தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. நான் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன்.

வெர்னா, அது மூளி இல்லை! அதுதான் அது! ஸூல், பட்டறை, பெஞ்சின்மேல் பாதி பாதியாய்க் கிடந்தவை, கழுகு, இரண்டு இடத்திலும் ஒரே எண்! நீ கேட்டு வைத்திருக்கும் அந்தக் கதை இருக்கிறதே, அது போல ஒரு சாட்சிக்காக எங்கள் ஆட்கள் காலில் விழுவார்கள். எந்த வேட்டைக்காரனும் அதைத் தொடவில்லை. அந்தப் பெரியவர் கையிலிருந்து நேராக உன் அண்ணன் கைக்கு வந்திருக்கிறது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

குலுக்கலை நிறுத்து. தலைவரிடம் சொல். என்னிடமுள்ள எதை வேண்டுமானாலும் மாற்றாகக் கொடுக்கிறேன், புத்தம்புது வேட்டைத் துப்பாக்கி இரண்டு இருக்கின்றன, இரண்டையும் தருகிறேன் என்று சொல். நேற்று போன் செய்தேன். நீ என் குரலைக் கேட்டதும் "கடிதத்துல எழுது"ன்னு வெச்சுட்ட. போனில் பேசினால் சண்டை வருகிறது என்று நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் எனக்கு நினைவிருக்கிறது, ஆனாலும் இதற்கு ஒரு விதிவிலக்கு வேண்டாமா?

அப்புறம், தயவுசெய்து அதை இனித் துடைக்காதே. எலுமிச்சையா! படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மரத்தில் மட்டும்தான் போட்டாய் என்று எழுது, நான் பிழைத்துக்கொள்கிறேன். கம்பித் தூரிகை போடவில்லையே? மணல்தாள்? முத்திரைகளின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எனக்கு அனுப்பு. டெல்பர்ட்டின் ராணுவக் காகிதங்கள், காபி டப்பாக்களில்கூட இருக்கலாம், ஒன்றையும் எறியாதே. அந்தக் கம்பளியையும் வைத்திரு.

உன்,
கிளேட்டன்

பி.கு. ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறேன். ரொம்ப சந்தோஷம். நாலுக்குப் பதில் ஆறு என்றால் ஆகாதா?


வாபகொனெட்டா
மார்ச் 27, 1988
(விரைவுத் தபால்)

கிளேட்டன்,

உன் கடிதம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. குலுக்கல் இரண்டு மணிக்கு. தீயணைப்பு நிலையத்து வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன்.

இரண்டரைத் தாள் துப்பாக்கி. கடைசியில் பின்குறிப்பு, அதில் நான். கம்பளிக்குக் கொடுத்த இடம்கூட எனக்கு இல்லை. "ரொம்ப சந்தோஷம்" என்று தபால்காரருக்கு எழுதுவது போல எழுதிவிட்டு, அதே வரியில் நாலை ஆறாக்கப் பேரம் பேசுகிறாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் பத்தடி தூரத்தில் மீனுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பரிசை மாற்றியிருப்பார். நான் கடிதத்தைப் பைக்குள் போட்டேன், ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன், இரண்டு மணிவரை மீன் வறுத்தேன். கோபத்தில் வறுத்த மீன் நன்றாக வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

நியூ நாக்ஸ்வில்லில் பன்றி வளர்க்கும் ஆர்டன் பிங்க்லிக்கு விழுந்தது. ஆள் துள்ளிக் குதித்தார். "இது போதாதா வெர்னா! மாப்பிள்ளை பட்டறை வெச்சிருக்கான். ஈஸ்டருக்குச் சாப்பிட வர்றான், சாமானோட வரச் சொல்றேன். கொழலைக் கொஞ்சம் வெட்டி, மேல தொலைநோக்கி மாட்டினா அடுத்த மான் சீசனுக்கு ரெடி!" என்றார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணன் நாற்பத்து மூன்று வருஷம் கம்பளியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்ததை, உன் மேல் இருந்த ஆத்திரத்தில் ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். என் வயிறு எரிகிறது. உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. குப்பை என்று எல்லாரிடமும் சொன்ன நானே இப்போது வெட்டாதீர்கள் என்றால் ஆர்டன் கேட்க மாட்டார், நிபுணன் நீ சொன்னால்தான் உண்டு.

ஆர்டனின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று எனக்கு மனப்பாடம். ஈஸ்டர் ஞாயிறு காலையிலேயே அவர் தொழுவத்தில் போய் நிற்பாய். பன்றியைப் பற்றி ஒரு மணி நேரம், மழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாய். கிளம்புகிற மாதிரி எழுந்து, "அந்தப் பழைய துப்பாக்கி ஒண்ணு இருக்காமே, ஒண்ணுத்துக்கும் ஆகாது, இருந்தாலும்..." என்று இழுப்பாய். நீங்கள் எல்லாரும் அப்படித்தானே வாங்குவீர்கள், வைத்திருப்பவனுக்கு என்னவென்று தெரியாமல்! அவரும் லேசுப்பட்டவர் இல்லை, சாயங்காலம்வரை இழுப்பார். இங்கே ஹாம் ஆறும், நான் காத்திருப்பேன். முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன்.

இந்தத் தரம் மாட்டேன். சாப்பாடு ஒரு மணிக்கு. ஒரு மணிக்கு நீ இந்த வாசலில் இல்லையென்றால், இனி எழுதவும் வேண்டாம், வரவும் வேண்டாம். அண்ணனின் துப்பாக்கி பிழைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்காக இன்னொரு தரம் உனக்காகக் காத்திருந்து சாப்பாட்டை எடுத்து மூட என்னால் முடியாது.

வெர்னா


டல்சா
மார்ச் 30, 1988
(விரைவுத் தபால்)

என் வெர்னா,

முதலில் ஈஸ்டர். ஞாயிறு ஒரு மணிக்கு வாசலில் இருப்பேன். சனிக்கிழமையே கிளம்பி வழியில் தங்கிவிட்டு வருகிறேன், வண்டி மக்கர் செய்தால்கூட நேரம் இருக்கும். பெட்டி ஒன்று. துப்பாக்கி மூன்று. மற்ற நூற்று ஒன்பதையும் என் ராணுவ நண்பன் வெண்டல் தன் கராஜில் வைத்துக்கொள்கிறான். அவன் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அன்று நீ கேட்டபோது "யோசிக்கிறேன்" என்றேன். யோசிக்க ஒன்றுமே இருந்திருக்கக் கூடாது. அதை உணர எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நீ வண்டிக்குள் உட்கார்ந்து என் கடிதத்தைப் படித்ததை நினைத்து நேற்றெல்லாம் சாப்பிட முடியவில்லை. நீ "வா" என்று எழுதியதை நான் பத்து நாள் சுவரில் குத்தி வைத்திருந்தேன், படித்த பிறகும் ஒரு பின்குறிப்பைத்தான் கொடுத்தேன். இப்போது அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். "வெட்கமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். எனக்கு உன்னோடு இருக்க வேண்டும், வெர்னா. அவ்வளவுதான்.

ஆர்டனிடம் நான் போகவில்லை. பன்றி, மழை எதுவும் பேசப் போவதில்லை. அவருக்கும் இன்று விரைவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அதில் இருப்பதை உனக்கும் சொல்கிறேன். அவர் கையில் இருப்பது என்ன, எப்படிச் செய்தார்கள், எத்தனை அபூர்வம், கழுகு முத்திரை எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினேன். கண்டபடி வாங்க வருகிறவர்களிடம் ஏமாற வேண்டாம், முக்கியமாக என்னைப் போன்றவர்களிடம், என்று எழுதினேன். டெல்பர்ட் உன்னிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் உன் தாளைப் பார்த்து எழுதினேன். "நான் விலை கேட்டு எழுதவில்லை. இது உங்களுடையது. வெட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தேன்.

முப்பது வருஷத்தில், வாங்குவதற்கு முன் ஒருவனிடமும் அவன் வைத்திருப்பது இன்னது என்று நான் சொன்னதே இல்லை. எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னவனைப் பைத்தியம் என்பார்கள். வெண்டலிடம் சொன்னேன். காபியைத் துப்பிவிட்டான். "ஏன்டா, தேடுனது கெடச்ச அன்னிக்கா உனக்கு ஞானம் வரணும்?" என்றான்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வழியில் அதைக் காப்பாற்றவும் முடியாது, உன் மேசைக்கு ஒரு மணிக்கு வரவும் முடியாது. வெட்டாமல் விட்டால் போதும், என் கைக்கு வராவிட்டால் பரவாயில்லை. இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

உன்,
கிளேட்டன்


ஏப்ரல் 3, 1988, ஈஸ்டர்
(கதவில் ஒட்டியது)

கிளேட்டன்,

சீக்கிரம் வந்துவிட்டால் வெளியே நிற்காதே, கதவு திறந்துதான் இருக்கிறது. நான் தேவாலயத்தில் இருக்கிறேன், பன்னிரண்டரைக்கு வந்துவிடுவேன். காலைத் துடைத்துவிட்டு உள்ளே போ. ஹாம் அடுப்பில் இருக்கிறது, திறந்து பார்க்காதே. தெற்கு அறையில் உன் பெட்டியை வை. அந்த மூன்றையும் அலமாரியில் வை, குளிக்கும் தொட்டியில் அல்ல.

நேற்று ஆர்டன் போன் செய்தார். நான் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். "வெர்னா, உங்க வீட்டுக்காரர் என்ன மனுஷன்ங்க! நாலு பக்கம் எழுதியிருக்காரு! என் பொண்டாட்டிக்கு ரெண்டு தரம் படிச்சுக் காட்டிட்டேன். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, ரம்பத்தை வீட்டுலயே வெச்சுட்டு வாடான்னுட்டேன். இனி யார் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். உங்க வீட்டுக்காரர் கேட்டாலும் மாட்டேன், சொல்லிடுங்க!" என்றார். பிறகு டெல்பர்ட் சொன்ன பகுதியைப் போனிலேயே படித்தார். அந்தப் பெரியவர் அழுத இடம் வந்ததும் ஆர்டன் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் தொடர்ந்தார். அண்ணன் பேச்சை அடுத்தவர் வாயால் கேட்டபோது, அவனே பேசுவது போல இருந்தது. நானும் அழுதேன். இந்தத் தரம் வயிறு எரியவில்லை.

"பாவம், அவ்வளவு நாள் தேடியிருக்காரே, ஒரு தரம் கையில பிடிச்சுப் பாக்கட்டும்"னு சொல்லி, இன்று நாலு மணிக்குத் துப்பாக்கியோடு இங்கே வருகிறார். நான் வரச் சொல்லிவிட்டேன். உனக்கு அரை மணி நேரம் தருவாராம். கையைக் கழுவிக்கொண்டு பிடி.

அதற்கு முன்னால் துப்பாக்கி என்ற வார்த்தையே கூடாது. ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை நீ என் எதிரில் உட்கார்ந்திருப்பாய். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது எனக்கு நிறைய இருக்கிறது. நான் பேசுவேன், நீ கேட்பாய்.

உன் மனைவி,
வெர்னா